துர்காவை மந்தமாக இருக்கச் சொன்ன யோசனை

அன்பு ஆதிலட்சுமி அக்காவுக்கு,

முதலியார்பேட்டையிலிருந்து சிவசங்கரி. இங்கு எல்லோரும் நலம். மாமாவின் மூட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது? போனில் பேசினால் நடுவில் நீ பேசிவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

கதிர்காமத்து வரன் கைவிட்டுப் போய்விட்டது. "பொண்ணு ஸ்மார்ட்டுன்னு சொல்லித் தொலைக்காத, வாயாடின்னு நெனச்சிப்பாங்க, ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காரச் சொல்லு" என்றாயே, அப்படியே துர்காவிடம் சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா அமுதவல்லி, என்ன படித்தாய் என்று கேட்டதற்கு, இவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கணக்குன்னு நெனைக்கிறேன்" என்றாள். எம்.எஸ்சி. தங்கப் பதக்கம் அலமாரியில் இருக்கிறது. வண்டி ஓட்டுவாயா என்றதற்கு, "அப்பா பின்னாடி உக்காந்துப்பேன்" என்றாள். அந்த அம்மா ஜிலேபியைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டு, "தப்பா நெனைக்காதீங்க. எங்க ராஜவேலு வெள்ளந்தி. எவன் போன் பண்ணாலும் ஓடிபியச் சொல்லிடுவான். இதுவும் இப்படி இருந்தா வூட்ட யாரு பாத்துக்கறது? ஸ்மார்ட்டான பொண்ணா இருந்தா சொல்லுங்க" என்றார்.

அன்றிலிருந்து அந்தச் சொல்லைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆணை ஸ்மார்ட் என்றால் சட்டை நன்றாக இருக்கிறது என்று பொருள். பள்ளியில் என்னைச் சொன்னபோது மார்க். அலுவலகத்தில் சொன்னால் அடுத்தவர் வேலையும் என் மேசைக்கு வரப்போகிறது என்று அறிவிப்பு. என் மாமியார் 'ரொம்ப ஸ்மார்ட்டு' என்று ஒரு சொல்லைச் சேர்த்துச் சொன்னபோது, அன்றோடு வாயை மூடிக்கொண்டேன். இருபது வருடமாகப் பாதிப் பேச்சை விழுங்கியிருக்கிறேன். வரன் போனதைவிட, அதையே மகளுக்கும் சொல்லிக் கொடுத்தேனே என்பதுதான் உறுத்துகிறது. யோசனை உன்னுடையது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் இருக்கட்டும்.

உன் தங்கை,
சிவசங்கரி

பி.கு.: தபாலில் சேர்க்கக் கொடுத்த கடிதத்தைத் துர்கா படித்துவிட்டாள். உன்மேல் பழி போட்ட வரிகளை விட்டுவிட்டுப் படி. அவள் சொன்னது இது: "பெரியம்மா சொன்னதுக்காவா நான் அப்படி நடிச்சேன்? 'ஸ்மார்ட்டா ஒருத்தி வந்துட்டா இவனப் பத்தின கவல நமக்கு வுட்டுது'ன்னு வாசல்ல செருப்பக் கழட்டும்போதே அந்தம்மா சொல்லிட்டு வந்தாங்கம்மா. ரெண்டு பேருக்கும் சேத்து நானே யோசிக்கணுமா?"