வாலண்டைன் போன ரோடு

வகுப்பு முடிந்து விளக்கெல்லாம் போட்டாயிற்று. டோரிஸின் பெடல் மட்டும் நிற்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதுக் கால்கள் இரண்டையும் அது தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஆன்டி, ஹேண்டலுக்குக் கீழ சிவப்புக் குமிழ் இருக்குல்ல, அத அழுத்துங்க," என்றான் ஜோனத்தன். பிரிக்ஃபீல்ட்ஸ் ஜிம்மில் ஸ்பின்னிங், அதாவது நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிக்கச் சொல்லித்தருகிறவன். டோரிஸ் போகும் சர்ச்சில் கிட்டார் வாசிப்பவனும் அவன்தான்.

அழுத்தினாள். பெடல் நின்றது.

"எவ்ளோ தூரம்பா போனேன்?"

"ஸ்கிரீன்ல பதினெட்டு கிலோமீட்டர் காட்டுது."

"அப்ப பாதி கிள்ளான் போயாச்சு."

"ஸ்கிரீன் கிள்ளான் வேற, ரோட்டு கிள்ளான் வேற ஆன்டி. கால் பலம் வரும், மூச்சு தாங்கும். மத்ததெல்லாம் வெளிய ஓட்டுனாத்தான் வரும்."

மற்றதெல்லாம் என்றால் என்ன என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கிள்ளானுக்கு ரயில் இருக்கும்போது இந்தப் பாடு எதற்கென்றால், எல்லாம் சவப்பெட்டி மூடுகிற நேரத்தில் வாயைத் திறந்ததால் வந்தது. டோரிஸின் கணவர் வாலண்டைன் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, கூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன வாரமே டோரிஸ் ஒரு சைக்கிளை வாங்கி வாசலில் நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் வரை மிதித்துவிட்டு வந்தால்தான் மத்தியானச் சோறு என்று சட்டம் போட்டாள். மனுஷன் ஆறு வருஷம் போனார். விடியலில் கிளம்பி, பன்னிரண்டு மணிக்குச் சட்டை சொட்டச் சொட்டத் திரும்புவார். அப்படித் திரும்பிய ஒரு ஞாயிறு, சைக்கிளைச் சாத்தினார், நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை.

மறுநாள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு டோரிஸ் சொன்னாள்: "மிதிக்க வச்சே உங்கள நான் கொன்னுட்டேன். வருஷப் பூசையன்னிக்கி இதே சைக்கிள்ல, அதே ரோட்டுல, நீங்க ரொட்டி சாப்பிடுற கடை வரைக்கும் நானும் மிதிக்கிறேன். நீங்க பட்டத நானும் படுறேன்."

அழுகையில் வந்த பேச்சு என்று விட்டுவிடலாம். ஆனால் கேட்டுக்கொண்டு நின்றது நாலு புளோக் ஜனம். பெட்டி முன்னால் சொன்னதை எங்கள் ஃபிளாட்டில் யாரும் மறப்பதில்லை. மேல்மாடி குளோரியா லிப்டில் பார்க்கும்போதெல்லாம், "அக்கா, எப்ப கிளம்புறீங்க?" என்று அன்பாகக் கேட்பாள். பத்து மாதம் இப்படிப் போனது. அதற்கு மேல் தாங்க முடியாமல்தான் டோரிஸ் ஜிம்மில் சேர்ந்தாள்.

முதல் மாதம் முடிந்ததும் வாலண்டைனின் சைக்கிளைக் கீழே இறக்கினாள். சின்ன வயதில் செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஓட்டிய பழக்கம், ஏறியதும் வந்துவிட்டது. கார் நிறுத்துமிடத்தை ஒரு சுற்று அழகாக வந்தாள். நிற்க வேண்டிய இடத்தில் கை ஹேண்டலுக்குக் கீழே போய்க் குமிழைத் தேடியது. குமிழ் இல்லை. எதிரே நாசி லெமாக் சோறு விற்கிற மேசை இருந்தது. மேலெல்லாம் மிளகாய்ச் சம்பல் வழிய எழுந்தாள்.

"ஒரு மாசமா ஜிம்ல என்னதான்கா செஞ்சீங்க?" என்றாள் குளோரியா.

"மிதிச்சேன்."

"நிக்கக் கத்துக்குடுக்கலயா?"

காலில் பலம் போதவில்லை என்று டோரிஸ் முடிவு செய்தாள். தினமும் இரண்டு வகுப்பு. ஜோனத்தன் வேண்டாம் என்றான், கேட்கவில்லை. மூன்று வாரத்தில் தொடை இரும்பாகிவிட்டது. அதன் பலன், முன்பு மெதுவாகப் போய் மோதியவள் இப்போது வேகமாகப் போய் மோதினாள். இந்த முறை ரோட்டோர லோங்காங். தாடையில் நாலு தையல், முன்பல் ஒன்று சாக்கடையோடு போயிற்று.

பூசைக்கு ஒன்பது நாள் இருந்தது.

"இனிமே ஜிம் பக்கமே வராதீங்க," என்று ஜோனத்தன் ஃபிளாட்டுக்குக் கீழே வந்து பிரேக் பிடிக்கச் சொல்லித்தந்தான். அதையும் டோரிஸ் அரைகுறையாகக் கற்கவில்லை. பூனைக்குப் பிடித்தாள், பறந்த பிளாஸ்டிக் பைக்குப் பிடித்தாள். ஆறாம் நாள் முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்து, சைக்கிள் நிற்க, தான் மட்டும் ஹேண்டலுக்கு மேலாகப் போய் விழுந்தாள். இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது.

குளோரியாவுக்கே பாவமாகிவிட்டது. "அக்கா, ரயில்ல போயி, கடைக்கு முன்னால மட்டும் ஏறி மிதிங்கலா. யாருக்குத் தெரியப்போவுது?"

"அவருக்குத் தெரியும்," என்றாள் டோரிஸ்.

அதற்கு மேல் குளோரியா லிப்டில் எதுவும் கேட்கவில்லை.

வருஷப் பூசை மாலையில். டோரிஸ் காலை ஆறு மணிக்கு மணிக்கட்டில் கட்டோடு கிளம்பினாள். ஃபெடரல் ஹைவேயின் மோட்டார்சைக்கிள் பாதையில், பின்னால் ஜோனத்தன் தன் மோட்டாரில் சிக்னல் போட்டபடி ஊர்ந்து வந்தான்.

ஜிம்மைக் குறை சொல்ல முடியாது. கால் கடைசிவரை வலிக்கவில்லை, மூச்சும் வாங்கவில்லை. வலித்ததெல்லாம் ஜிம்மில் இல்லாதவை. உள்ளங்கை, கழுத்து, இருக்கைக்கு மேலே உள்ள பாகம், அப்புறம் பயம். ஜிம்மில் பின்னாலிருந்து யாரும் ஹார்ன் அடிப்பதில்லை. மேம்பாலத்தின் அடியில் திடீர் இருட்டில் ரோடே தெரியவில்லை. பக்கத்து ரோட்டில் போன லோரியின் காற்றிலேயே அவள் ஒருமுறை சரிந்தாள். ஷா ஆலாம் மேட்டில் கருங்கல் துண்டில் சக்கரம் ஏறி விழுந்தபோது முழங்கை தோல் முழுதும் ரோட்டோடு போனது.

"போதும் ஆன்டி. லோரி பிடிச்சு வீட்டுக்குப் போயிடலாம்."

"இந்த மேட்டுல அவருக்கு நெஞ்சு எப்புடி வலிச்சிருக்கும் ஜோனத்தன். ஒரு வார்த்த சொல்லலியே மனுஷன். வந்து பேசாம சோறு சாப்புட்டாரு."

ஜோனத்தன் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினான்.

பத்தரை மணிக்குக் கிள்ளான் கடை வந்தது. ரொட்டிக் கல்லுக்குப் பின்னால் நின்ற முதலாளி ஹைதர் ஆளைப் பார்க்கவில்லை, சைக்கிளைத்தான் முதலில் பார்த்தார்.

"இது வாலண்டைன் அங்கிள் சைக்கிளாச்சே. ஒரு வருசமா ஆளையே காணோம்."

"அவர் போயிட்டாருப்பா. நான் அவர் சம்சாரம். இன்னியோட ஒரு வருஷம்."

ஹைதர் கல்லை அணைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, நாற்காலி இழுத்துப் போட்டு, டீயும் தண்ணீரும் தானே கொண்டுவந்து வைத்தார். ரத்தம் காய்ந்த முழங்கையையும், கட்டுப் போட்ட மணிக்கட்டையும், இல்லாத பல்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

டோரிஸ் டீயைத் தொடவில்லை. ஒரு வருஷமாக யாரிடமும் கேட்க முடியாததை அவரிடம் கேட்டாள்.

"தம்பி, மறைக்காமச் சொல்லுங்க. வாராவாரம் இவ்ளோ தூரம் மிதிச்சு மிதிச்சு இங்க வந்து உக்காரும்போது, இப்புடிச் சாவடிக்கிறாளேன்னு ஒரு நாளாவது என்னத் திட்டுனாரா?"

ஹைதர் ஜோனத்தனைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"திட்டுறதுக்கு அவருக்கு எங்க ஆன்டி நேரம், செலாயாங் மார்க்கெட்ல காய்கறி ஏத்திட்டு வர்ற என் லோரியில, உங்க வீட்டுக்கிட்ட பங்சார்லயே சைக்கிளோட ஏறுனா கிள்ளான் வரைக்கும் நல்லாத் தூங்குவாரு, திரும்பக் கொண்டுபோய் எறக்கிவிடும்போது நான்தான் எழுப்பி, சட்டையில ரெண்டு போத்தல் தண்ணி ஊத்தி அனுப்புவேன்."