தாம்பாளத்து வெயிலும் ஒற்றைத் தும்மலும்

வெயிலைக் கண்டால் சிலருக்குத் தலை வலிக்கும், சிலருக்குத் தாகம் எடுக்கும். எனக்குத் தும்மல் வரும். இருட்டிலிருந்து வெளியே வந்தால் போதும், ஒன்றே ஒன்று, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி. (எங்கப்பாவுக்கும் இப்பிடித்தான். கண்ணும் மூக்கும் பக்கத்துப் பக்கத்து வீடுல்ல? ஒரு வீட்டத் தட்டுனா அடுத்த வீட்டுக்காரன் எட்டிப் பாக்குறான். என் புத்திக்கு எட்டுனது அம்புட்டுத்தான்.)

ஒற்றைத் தும்மல் விழுந்தால் எங்கள் பக்கம் நல்ல காரியம் நின்றுபோகும். என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார் அதற்காகவே எழுந்து போயிருந்தார்கள். பெரியாற்று அணை வேலைக்கு ஆட்கள் மலையேறிக்கொண்டிருந்த காலம் அது. மூன்றாவதாகக் கோம்பையிலிருந்து ஒரு வண்டி வந்தது. இதுவும் திரும்பிப் போனால் எனக்குக் கல்யாணமே இல்லை.

ஆத்தா நெல்லறைக்குள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏத்தா, இன்னைக்கி ஒரு நா மூக்க அடக்கிரு. வானத்தப் பாக்காத. குனிஞ்சே வா.”

“குனிஞ்சே வாரேன்த்தா. நிமிந்தாத்தான வெயிலு!”

என்ன புத்திசாலித்தனம்! வெற்றிலையும் குங்குமமும் வைத்த பித்தளைத் தாம்பாளத்தோடு முற்றத்தில் கால் வைத்தேன். குனிந்தேன். முந்தின நாள் புளி போட்டு நானே தேய்த்த தாம்பாளம். (கெட்டிக்காரின்னு பேரெடுக்க ஆசை.) உச்சி வெயில் மொத்தமும் அதில் இறங்கி என் கண்ணுக்குள் ஏறியது.

“ஹாச்ச்!”

குங்குமம் முழுக்க மாப்பிள்ளையின் தாய்மாமன் தலைப்பாகைக்குப் போய்விட்டது.

“பொண்ணு பாக்க வந்தவனப் பூசாரியாக்கி அனுப்புறீகளே!” என்று அவர் எழுந்தார். “ஒத்தத் தும்மலு. நமக்கு வேணாம்ப்பா. ஏலே, வண்டியப் பூட்டு!”

இருட்டு மூலையில் உட்கார்ந்திருந்த வண்டிக்காரர் எழுந்து வாசல்படி தாண்டினார். தெரு வெயில் முகத்தில் அடித்தது.

“அச்சுக்!”

எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். கிளம்பும்போது தும்மினால் திரும்பி வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தானே போகவேண்டும்? மாமன் முனகிக்கொண்டே உட்கார்ந்தார். ஆத்தா சொம்பை நீட்டினாள்.

“இங்கன ஒண்ணு, வாசல்ல ஒண்ணு. ரெட்டத் தும்மலு நல்ல சகுனந்தானே அண்ணே? ஆமா, வண்டி ஓட்டி வந்த தம்பி யாரு?”

மாமன் தலைப்பாகையை உதறினார்.

“வண்டிக்காரனா? அவந்தாம்மா மாப்பிள்ள! மாப்பிள்ள வரக்கூடாதுன்னோம். பொண்ணப் பாக்கணும்னு சாட்டக்கம்பத் தூக்கிட்டு வந்துட்டான்.”

மாப்பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். “எனக்கும் வெயில் பட்டா இப்பிடித்தான்.”

இன்றைக்கும் எங்கள் வீட்டில் காலையில் கதவைத் திறந்தால் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வரிசையாகத் தும்முகிறார்கள். யாரும் சகுனம் பார்ப்பதில்லை. (பாத்தா ஒருத்தரும் வீட்ட விட்டுக் கெளம்ப முடியாது.) ஒவ்வொரு தும்மலுக்கும் உள்ளேயிருந்து யாராவது கத்துவார்கள்:

“ஏலே, வண்டியப் பூட்டு!”