மாடு வழங்கிய தீர்ப்பு

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. வருஷம் முழுக்க நம்மைப் போலவே பல் தேய்த்து, பேருந்தில் முட்டி மோதி ஏறி, அலுவலகத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலிக்குச் சண்டை போட்டுக்கொண்டு, சாதாரணமாகத்தான் நடமாடும். ஊரில் சர்வதேசத் திரைப்பட விழா என்று ஒரு தட்டி வைத்துவிட்டால் போதும், மறுநாள் காலையில் அதற்குக் கழுத்தில் ஒரு பட்டை முளைத்துவிடும். பட்டையின் நுனியில் புகைப்படம் ஒட்டிய அட்டை, தோளில் துணிப்பை, கன்னத்தில் வேண்டுமென்றே மழிக்காத தாடி, வாயைத் திறந்தால் நாம் வரைபடத்தில் தேடிப் பார்க்க வேண்டிய நாடுகள். இந்த இனத்துக்கு விழாக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

விழாக்காரரை அடையாளம் காண்பது சுலபம். முதல் அரங்கில் உட்கார்ந்திருக்கும்போது, மூன்றாம் அரங்கில் இதைவிட நல்ல படம் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று பாதி உடம்போடு உட்கார்ந்திருப்பார். சற்று நேரத்தில் எல்லோர் முழங்காலையும் இடித்துக்கொண்டு எழுந்து மூன்றாம் அரங்குக்கு ஓடுவார். அங்கே போனதும் முதல் அரங்கின் ஞாபகம் வந்துவிடும். இப்படி ஒரே நாளில் ஐந்து படங்களின் ஆரம்பத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றின் முடிவையும் பார்க்காமல் வீடு திரும்புவார். கேட்டால் என்ன சொல்வார்? "முடிவெல்லாம் வியாபாரப் படத்துக்குத்தான் சார். உலகப் படத்துக்கு முடிவு எதுக்கு?" குறட்டை விட்டீர்களே என்று கேட்டுப் பாருங்கள். "தூங்கலை. உள்வாங்கிக்கிட்டிருந்தேன்" என்பார். எந்தப் படத்தைப் பார்க்கலாம் என்று தப்பித் தவறிக் கேட்டுவிட்டால், நம்மை மேலும் கீழும் பார்த்து, "பார்க்க வேண்டியது நேத்தே போயிடுச்சே!" என்று துக்கம் விசாரிக்கும் குரலில் சொல்வார்.

எதற்கு வெளியே தேடுகிறேன்? என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், இந்த இனத்தில் முதல் வரிசை. மின்வாரியத்தில் புகார்ப் பிரிவைக் கட்டி மேய்ப்பவர். மாமியாரின் கண் அறுவை சிகிச்சைக்கு அரை நாள் விடுப்பு கிடைக்காதவருக்கு, விழா என்றால் கடைசி நாள் வரைக்கும் விடுப்பு கிடைத்துவிடும். "என் பிரசவத்துக்குக்கூட இந்த மனுஷன் இத்தனை நாள் லீவு போட்டதில்லைடா" என்று அக்கா வருஷா வருஷம் என்னிடம் சொல்வாள்.

இந்த வருஷம் விழாவில் அவர்கள் மகளுக்கும் ஒரு வேலை கிடைத்தது. கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு சின்ன மேசை, அதன்மேல் ஒரு கணினி. திரையில் யாராவது வாயைத் திறந்தால் இவள் பொத்தானை அழுத்த வேண்டும். அவர் பேசியதன் அர்த்தம் திரைக்குக் கீழே நம் மொழியில் எழுத்தாக வந்து விழும். ஒழுங்காகச் செய்தால் விழா முடிந்ததும் அலுவலகத்திலேயே நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். படிப்பை முடித்துவிட்டு நேர்காணல் நேர்காணலாக அலைந்து செருப்புத் தேய்ந்தவள். "இது மட்டும் கிடைச்சிட்டா போதும் மாமா" என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

அன்றைக்கு என்னையும் அத்தான் இழுத்துக்கொண்டு போயிருந்தார். ஏதோ மலைநாட்டுப் படம். இயக்குநருக்கு அது முதல் படம், அவரே வந்திருந்தார். விளக்கு அணைந்தது. திரை முழுக்கப் பனி. ஒரு கிழவி மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறாள். அதன் கழுத்தைத் தடவி மெல்ல ஏதோ சொல்கிறாள். கீழே எழுத்து விழுந்தது: "கனம் கோர்ட்டார் அவர்களே, என் கட்சிக்காரர் நிரபராதி."

மாடு தலையை ஆட்டியது.

மேல்சட்டையில் ஒட்டிய பனியை உதறிக்கொண்டு மகன் வீட்டுக்குள் வருகிறான். அம்மாவைப் பார்த்துக் கவலையாக ஏதோ கேட்கிறான். "வங்கிப் பெட்டகத்தின் சாவி யாரிடம் இருந்தது?" கிழவி இருமிக்கொண்டே அவனுக்கு ஒரு ரொட்டியை எடுத்து நீட்டுகிறாள். "ஆட்சேபிக்கிறேன்!"

நான் அத்தான் பக்கம் சாய்ந்தேன்.

"அத்தான், எழுத்து ஏதோ மாறிப் போச்சோ?"

"ஷ்ஷ்! கவனிங்க. ஏழை வீட்டுக்குள்ளேயே ஒரு கோர்ட்டு நடக்குது பாருங்க. என்ன தைரியம்!"

பின்வரிசையில் யாரோ "ஆஹா" என்றார். அதற்கும் பின்னால் இன்னொருவர், முதல் ஆஹாவுக்குத் தான் இளைத்தவர் இல்லை என்று காட்டுவதுபோல இன்னும் நீளமாக "ஆஹாஹா" என்றார். சரி, நமக்குத்தான் ஞானம் போதவில்லை என்று நான் வாயை மூடிக்கொண்டேன். ஒரு படத்திலும் பாதிக்கு மேல் உட்காராத இனம், முழங்காலை இடிக்காமல், கைப்பேசியை நோண்டாமல், மூன்றாம் அரங்கை மறந்து, கட்டிப் போட்டதுபோல் உட்கார்ந்திருந்த அதிசயத்தை அன்றைக்குத்தான் கண்டேன். கடைசியில் மகன் மாட்டைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போகிறான். மாடு ஒரு முறை வீட்டைத் திரும்பிப் பார்க்கிறது. கிழவி வாசலில் நின்று கரகரத்த குரலில் ஏதோ கூவுகிறாள். "தீர்ப்பு தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது." கைதட்டல் கூரையைப் பிளந்தது.

பிறகு இயக்குநரை மேடைக்கு அழைத்தார்கள். மெலிந்த மனிதர், தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டு நின்றார். பக்கத்தில், அப்போதுதான் வந்து சேர்ந்த மொழிபெயர்ப்பாளர். யாரும் ஒலிவாங்கியைத் தொடுவதற்குள் அத்தான் தொட்டுவிட்டார்.

"எனக்குக் கேள்வி இல்லை. ஒரு சின்னக் கருத்து" என்று ஆரம்பித்தார். சின்னக் கருத்து வளர்ந்தது, பெருத்தது, அவருடைய மின்வாரிய அனுபவங்களையும் தொட்டுக்கொண்டு வந்து முடிந்தது. "ஒரு மாட்டையே நீதிபதியா உக்கார வெச்சீங்களே, அதுக்காக உங்களுக்கு ஒரு கும்பிடு!"

மொழிபெயர்ப்பாளர் இதைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இயக்குநர் முதலில் விழித்தார். பிறகு பளபளத்துக்கொண்டிருந்த அத்தனை முகங்களையும் பார்த்தார். மெல்லத் தலையாட்டினார். "ஆமாம், எங்கள் வீட்டில் நடந்த எல்லாவற்றையும் அந்த மாடு பார்த்துக்கொண்டுதான் இருந்தது" என்றாராம். மறுபடியும் கைதட்டல்.

சாயங்காலம் அக்கா வீட்டில், செருப்பைக்கூடக் கழற்றாமல் பெண் உட்கார்ந்து அழுதாள்.

"மத்தியானம் போட வேண்டிய கோர்ட்டுப் படத்தோட எழுத்தைக் காலைப் படத்துக்கு ஏத்திட்டேன் மாமா. மூணாவது வரியிலேயே தெரிஞ்சு போச்சு. சரியானது கீழே ஆபீஸ்ல கிடக்கு. நிறுத்தினா வேலை போயிடுமோன்னு பயம். யாராவது ஒருத்தர் கத்தினாக்கூட நிறுத்திடலாம்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒருத்தர்கூட கத்தலையே!"

அத்தான் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். மகளுக்காகத்தான் கலங்குகிறார் என்று நினைத்தேன். என் அறியாமை.

"வேற யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லப்பா. நாளைக்கு அதே படம் மறுபடி இருக்கு. காலைல தலைவர்கிட்ட ஒத்துக்கிட்டு சரியான எழுத்தைப் போடப் போறேன்."

"அவசரப்படாதேம்மா." குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கும் அதையே போட்டுடு."

அக்கா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். "ஏங்க, வெக்கமா இல்ல உங்களுக்கு?"

"உனக்கு என்ன தெரியும்? நான் மைக்குல பேசியிருக்கேன்!"

"அது அவரோட அம்மா கதைப்பா" என்றாள் பெண். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா வைத்தியத்துக்காக மாட்டை வித்திருக்காங்க. அதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்காரு. என் வேலை போனாப் போகட்டும்."

எனக்கு அவளை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

மறுநாள் காலை அவளுக்குத் துணையாக நானும் விழாத் தலைவரின் அறைக்குப் போனேன். தலைவர் விழாவின் தினச் செய்தித்தாளை விரித்து வைத்துத் தன் கட்டுரையைத் தானே ரசித்துக்கொண்டிருந்தார். முழுப் பக்கம். தலைப்பு, 'கால்நடையும் நீதியும்'. பெண் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள். தலைவர் செய்தித்தாளை மெதுவாக மடித்தார்.

"இது வேற யாருக்கும்மா தெரியும்?"

"எங்க அப்பாவுக்குத் தெரியும் சார்."

"அவர் என்ன சொன்னார்?"

"இன்னைக்கும் அதையே போடச் சொன்னார்."

"அனுபவஸ்தர்" என்றார் தலைவர்.

"நான் சரியானதைத்தான் போடுவேன் சார். இயக்குநர்கிட்டயும் சொல்லிடுவேன். வேண்டாம்னா இப்பவே கிளம்பிடறேன்."

தலைவர் யோசித்தார். இவளை அனுப்பினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் முழுப் பக்கம் என்ன ஆகும்? அப்படித்தான், தப்புச் செய்ததற்காக அந்த இடத்திலேயே நிரந்தர வேலை கிடைத்த முதல் ஆள் என் அக்கா மகள் ஆனாள். வெளியே வந்ததும் நேராக இயக்குநரிடம் போய் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். அவர் "இன்று சரியாகப் போடுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

அத்தானின் புகழ்ச்சியால் அரங்கு நிரம்பி வழிந்தது. மகள் வேலை செய்வதைப் பார்க்க அக்காவும் வந்திருந்தாள். பனி. கிழவி. மாடு. "குடிடா கண்ணு. மெதுவாகக் குடி." அவ்வளவுதான், அரங்கில் ஒரு நெளிசல். எல்லாம் புரிந்தது. விழாக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய அவமானம் உண்டா? "என்ன சார், நேரா கதை சொல்றான்!" என்று ஒருவர் எழுந்தார். முழங்கால்கள் இடிபட்டன. பாதிப் படத்தில் பாதி அரங்கு காலி. வெளியே அத்தான் ஒரு கூட்டத்துக்கு நடுவே, "நேத்து ஓடினதுதான் முழுப் பிரதி. இது வெட்டினது" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

உள்ளே, மாடு திரும்பிப் பார்க்கும் இடத்தில் அக்கா விம்மி விம்மி அழுதாள். பக்கத்து நாற்காலியில் இயக்குநர் வந்து உட்கார்ந்து அவளோடு சேர்ந்து அழுதார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், மறைப்பானேன்?

"பாவம், அந்த மாட்டை வித்திருக்க வேண்டாங்க" என்றாள் அக்கா வெளியே வந்து.

"படம் மாட்டைப் பத்தியே இல்லை" என்றார் அத்தான்.

"பின்னே அது எதுக்குப் படம் பூரா வந்துச்சு?"

நிறைவு விழாவில் இயக்குநருக்குப் பேச வாய்ப்புக் கிடைத்தது. மனிதர் அதற்குள் தெளிந்து, முதல் நாள் கூத்தைச் சிரித்துக்கொண்டே மேடையில் போட்டு உடைத்துவிட்டார். விழாக்காரர் இனம் அன்றோடு தலைகுனிந்து ஒழிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? வாசலில் நின்று கேட்டேன். "எனக்கு அப்பவே தெரியும்" என்றார் முதல் ஆஹா. "தெரியாமலா? ஒரு பொண்ணோட வேலை போயிடக் கூடாதேன்னு பேசாம இருந்தேன்" என்றார் நீள ஆஹா. தலைவர், தன் கட்டுரையே ஒரு கிண்டல்தான் என்றார். அத்தான் எல்லோரையும் விஞ்சிவிட்டார். என் தோளில் கை வைத்து, கண்ணில் உண்மையாகவே நீர் தளும்ப, "மூணாவது வரியிலேயே எனக்குத் தெரிஞ்சு போச்சு மாப்பிள்ளை. பெத்த பொண்ணை நானே காட்டிக் கொடுக்க முடியுமா?" என்றார். சுற்றி நின்றவர்கள் உருகிப்போனார்கள்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். நீங்கள் அந்த அரங்கில் இருந்திருந்தால் முதல் வரியிலேயே எழுந்து நின்று கத்தியிருப்பீர்கள், அப்படித்தானே? மனப்பூர்வமாக நம்புகிறேன். அன்றைக்கு உள்ளே இருந்த அத்தனை பேரும் இப்போது அதையேதான் சொல்கிறார்கள். அடுத்த விழாவுக்கு அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்; அட்டையில் ஒட்ட ஒரு நல்ல புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.