பூசணிக்காய் பார்த்துச் சொன்ன ஸ்பிரிங்

சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யானாலும் என் பல்செட்டு கடலில் விழட்டும்.

எங்கள் தீவின் சுதந்திரத்துக்கு நாலைந்து வருஷம் முன்னால் நடந்தது. பட்டாளத்தான் விட்டுப்போன விமானத் திடலில் கார்ப் பந்தயம். அதில் ஜெயித்த எட்மோன், பாம்பூ ஊர்க்காரன் முனிசாமியின் காரைப் பார்த்துத் 'தொட்டில்' என்று சொல்லிவிட்டான். வளைவில் அது அப்படித்தான் ஆடும். அடுத்த பந்தயத்தில் அவனை முந்தாவிட்டால் மீசையை எடுப்பதாக முனிசாமி சபதம் போட்டான்.

ஆட்டத்தை அடக்க இரண்டு வழி. ஸ்பிரிங்கை இறுக்கலாம், அல்லது இரண்டு சக்கரத்தையும் கோத்துப் பிடிக்கிற குறுக்குக் கம்பியைத் தடிமனாக்கலாம். எதை, எங்கே? முன்னால் தடித்த கம்பி போட்டான். கார் திரும்ப மாட்டேன் என்று நேரே கரும்புக்குள் போயிற்று. பின்னால் போட்டான். வாலைச் சுழற்றி, வந்த வழியையே பார்த்து நின்றது. இரண்டு பக்கமும் போட்டான். எங்கே போவதென்று காருக்கும் புரியவில்லை, அவனுக்கும் புரியவில்லை. மெக்கானிக் செர்ஜ் மாட்டி மாட்டிக் கழற்றினான். முனிசாமி இட்லியைக்கூட அமுக்கிப் பார்த்துத்தான் தின்றான்.

மனைவி பாக்கியத்துக்கு வேறு கவலை. தோட்டத்தில் பூசணி முற்றிக் கிடந்தது. சந்தைக்குக் கொண்டுபோகலாமென்றால் பஸ்காரன் ஏற்ற மாட்டேன் என்றான். பந்தயக் கார் காய் சுமக்காது என்று புருஷனும் சொல்லியாயிற்று.

"ஏங்க, கார் எவ்வளவு சாயுதுன்னு எதை வெச்சுக் கண்டுபிடிக்கிறீங்க?"

"என் உடம்பை வெச்சுத்தான்."

"உங்க உடம்பு நின்னாலே ஒரு பக்கமாத்தான் சாயும். பின்னாடி பூசணியைப் போடுங்க. உருண்டா கம்பி பத்தலை. உருளாட்டி சரி."

முனிசாமி தொடையைத் தட்டினான். இவ்வளவு எளிய கருவி வெள்ளைக்காரனுக்குத் தோன்றவில்லையே. சோதனைக்கு வளைவுள்ள ரோடு வேண்டுமென்றான். போர்ட் லூயிஸ் ரோடு இருக்கிறதே என்றாள் அவள்.

சனிக்கிழமைதோறும் சோதனை. பாரம் ஏற ஏறக் கார் பின்னால் உட்கார்ந்தது; இன்னும் இறுக்கமான ஸ்பிரிங் போட்டான். அந்த ஊர்ச் சந்தையான பசார் வாசலில் பாக்கியம் காயை இறக்கி விற்றுவிடுவாள். ஒருதரம் சோதித்த காய் மறுசோதனைக்கு ஆகாதாம், உருளப் பழகிவிடுமாம். அதையும் நம்பினான். கடைசியில் காரை எப்படித் திருப்பினாலும் ஒரு பூசணியும் அசையவில்லை.

பந்தய நாள் வந்தது. காலிக் கார். முனிசாமி மிதித்த மிதியில் அது ஆட்டுக்குட்டி மாதிரி குதித்துக் குதித்து, திடலை விட்டே வெளியே போய்விட்டது. எட்மோன் சிரித்த சிரிப்பில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டான். அப்படியும் அவன்தான் ஜெயித்தான்.

"இது பாரத்துக்குப் போட்ட இறுக்கம், முனிசாமி. காலியா ஓட்டினா குதிக்கத்தான் செய்யும்" என்றான் செர்ஜ்.

"அதை முன்னாலேயே சொல்றதுக்கென்ன?"

"முதல் நாளே உன் வீட்டு மதாம்கிட்ட சொன்னேனே. காய் தீரட்டும், நானே சொல்லிக்கிறேன்னாங்க."

முனிசாமி, எடுக்கப்போகும் மீசையைத் தடவிக்கொண்டே பெண்டாட்டி பக்கம் திரும்பினான். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"இப்ப ஸ்பிரிங்கைக் கழட்டிடாதீங்க. அடுத்து தர்பூசணி காய்க்குது. அதுக்கும் இதே இறுக்கம் போதுமாம்."

யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், நான் சொன்னதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள். கேட்டால் என் மச்சான் சொன்னான் என்று சொல்லுங்கள். அவனுக்கு நன்றாக ஓட வரும்.