பக்கம் ஃபுல்லு, அடுத்த பஸ்ல வா

இந்த ஒரு தடவையாவது வீட்டுல என் பேச்சுதான் நிக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். நின்னா சுவத்துலயே நிக்கும். ஏன்னா, ஃபிரேம் போட்டு மாட்டப் போறாங்க.

எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம். பொண்ணு போன்ல சொல்லிட்டா: "நீங்க ரெண்டு பேரும் முதமுதல்ல எப்படிப் பாத்துக்கிட்டீங்கன்னு கம்ப்யூட்டர்ல அடிங்க. ஒரே பக்கம். மேல அப்பா, மிச்ச இடத்துல அம்மா. ஹால்ல மாட்டிடலாம்."

வர்றவன் போறவனெல்லாம் படிப்பான். சும்மாவா?

நான் பஸ் கண்டக்டரா இருந்தவன். படிச்சதைவிடக் கிழிச்சதுதான் ஜாஸ்தி. டிக்கெட்டைச் சொல்றேன். ஒத்த விரலால தட்டுனேன்: 'இவ தினமும் என் பஸ்ஸுக்காகவே காத்து நிப்பா. என்னைப் பாத்துப் பாத்து இறங்குற ஸ்டாப்பையே மறந்துடுவா. பாவம்னு கட்டிக்கிட்டேன்.' இப்படியே ஆறு வரி. அதுக்கு மேல பொய் வரல.

கீழ பாத்தா, அவளுக்கு மைதானம் மாதிரி இடம். வாயைத் தொறந்தா உண்மை வந்துருமே! பொண்ணுக்குப் போன் போட்டேன்.

"கண்ணு, வரிக்கும் வரிக்கும் நடுவுல இடைவெளி கூட்டுறது எப்படிம்மா?"

"எதுக்குப்பா?"

"காத்தோட்டமா இருக்கட்டும்னுதான்."

சொல்லிக் குடுத்தா. எல்லாத்தையும் செலக்ட் பண்ணி, நம்பரைக் கூட்டினேன். பாராவுக்கு முன்னாடி பின்னாடி இடம் விடத் தனியா ஒரு கட்டம் இருந்துச்சு. விடுவேனா? ஆறு வரியும் காலி பஸ்ஸுல ஆளுக்கொரு சீட்டுல காலை நீட்டின மாதிரி உக்காந்துச்சு. பக்கம் நிறைஞ்சுது.

வீட்டுக்காரி எட்டிப் பாத்தா. "ஏங்க, எனக்கு இடம் எங்கங்க?"

"ஃபுல்லு. அடுத்த பஸ்ல வா."

சொல்லிட்டு நாக்கைக் கடிச்சேன். அவ இடுப்புல கை வச்சா.

"அன்னைக்கும் இதைத்தான சொன்னீங்க?"

அன்னைக்கு மழை அப்பதான் விட்டிருந்துச்சு. ஜன்னலெல்லாம் தடதடன்னு ஆடுற பழைய பஸ். குடையை மடக்கிக்கிட்டே ஓடி வந்தா. பாத்ததும் பதறிப் போய் 'ஃபுல்லு'ன்னுட்டேன். பின்னாடி பாதி பஸ் காலி! அவ சிரிச்சுக்கிட்டே ஏறி என் சீட்டுக்கு நேரா உக்காந்தா. நான் விசில் அடிக்கவே மறந்துட்டேன். டிரைவர் அண்ணன் வழியெல்லாம் திட்டிக்கிட்டே வந்தார். எனக்கு எங்க கேட்டுச்சு? அந்தக் குடைத் தண்ணி என் கால்ல சொட்டினது இப்பவும் ஜில்லுன்னு இருக்கு.

"இதையெல்லாம் எழுதிடாத தாயே, மானம் போயிரும்."

"நான் எங்க எழுத? அதான் ஃபுல்லாச்சே. நீங்க போய் டீ குடிச்சுட்டு வாங்க."

போனேன். அங்கதான் சறுக்கினேன். திரும்பி வந்தா பிரிண்டு சூடா அவ கையில. காலைக் கூட்டத்துல நான் ஆளைத் திணிப்பேனே, அதே மாதிரி என் ஆறு வரியும் பக்கத்தோட உச்சில ஒண்ணு மேல ஒண்ணு நெருக்கியடிச்சு நிக்குது. கீழ முழுக்க அவ. மழை, குடை, காலி சீட்டு, மறந்த விசில், எல்லாம் தாராளமா.

"இது எப்படி?"

"கூட்டச் சொல்லிக் குடுத்தவளுக்குக் குறைக்கச் சொல்லிக் குடுக்கத் தெரியாதா? நானும் போன் போட்டேன்."

"சரி, அடியில ஒரு விரல் இடம் காலியா விட்டிருக்கியே, என்னத்துக்கு?"

பேனாவை நீட்டினா. "மேல உள்ளது பொய், கீழ உள்ளது நிஜம்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

இடம் பத்தாதுன்னு சாக்குச் சொல்லலாம்னு பாத்தேன். படுபாவி, என் கையெழுத்துக்குன்னே அளவெடுத்து விட்டிருந்தா.