ஜன்னலோரம் உட்கார்ந்த விண்ணப்பம்

திண்டிவனம் பேருந்து நிலையத்தில், பட்டப்பகலில், ஒரு நல்ல மனிதருக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தவன் நான். அப்போது அங்கே ஒரு மேல்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தேன். முதலில் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பூமியில் பேருந்து ஓடத் தொடங்கிய நாள் முதல், ஒரு காகித உறைக்கு முழு டிக்கெட் கிழித்து, அதை ஜன்னலோரம் உட்கார வைத்த நடத்துநர் அவர் ஒருவர்தான். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வழியாகச் சென்னை போகும் வண்டி. அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். எல்லோரும் அவரை ‘தபால்’ என்றே கூப்பிட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. நர்சிங் சேர எங்கள் பக்கத்துப் பெண்கள் தவம் கிடந்தார்கள். இடங்கள் கொஞ்சம், விண்ணப்பங்கள் மூட்டை மூட்டையாக. கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் சென்னை அலுவலகத்துக்குப் போய்ச் சேராவிட்டால் ஒரு வருடம் போனது போனதுதான். அந்த உறைகளைத் தபால் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுப்பார். வண்டி சென்னையில் ஓய்வெடுக்கும் நேரத்தில், சாப்பாட்டை விட்டுவிட்டு அலுவலகத்துக்கு ஓடி, ரசீது வாங்கி வருவார்.

“அஞ்சல் பெட்டி இருக்கும்போது உனக்கு ஏம்ப்பா இந்த வேலை?” என்று ஒருமுறை கேட்டேன்.

“பெட்டியில போட்டா எங்க போவுதுன்னு நமக்குத் தெரியாது. என் வண்டி எங்க போவுதுன்னு எனக்குத் தெரியும் சார்.”

உறையை வாங்கும்போதே சோதனை நடக்கும். “போட்டோல ஏம்மா அழுவுற? நர்சே அழுதா பேஷண்டு இன்னாத்துக்கு ஆவறது? ஜல்தி போய் வேற போட்டோ எடுத்துகினு வா” என்று ஒரு பெண்ணை ஸ்டுடியோவுக்குத் துரத்தியதை நான் பார்த்திருக்கிறேன். பிறகு உறைக்கு ஒரு டிக்கெட் கிழித்து, அதன் பின்பக்கம் தேதியும் நேரமும் எழுதி, குண்டூசியால் குத்திவைப்பார்.

ஒருநாள் அச்சிறுபாக்கத்தில் பரிசோதகர் ஏறித் தலைகளை எண்ணினார். டிக்கெட் ஒன்று கூடுதலாக இருந்தது.

“இன்னாய்யா, ஒரு ஆளு குறையுது?”

“தோ, ஜன்னலோரம் குந்திகினு கீது பாருங்க.”

“இது கவருய்யா!”

“நாலு வருஷத்துல நர்சம்மாவா வந்து உங்களுக்கே ஊசி போடும் சார். இப்பவே கொஞ்சம் மரியாதையா பேசி வெச்சுக்குங்க.”

பரிசோதகர் எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

இத்தனைக்கும் தபாலுக்கு ரத்தத்தைக் கண்டால் ஆகாது. ஓமந்தூரிலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்து படித்த கலைச்செல்வி, விண்ணப்பத்தில் என் கையெழுத்துக்கு முன்பே அவரிடம் ஒப்புதல் வாங்கப் போயிருந்தாள். வேறொரு பெண்ணின் உறையில் டிக்கெட்டைக் குத்தப்போய், தன் கட்டைவிரலில் குத்திக்கொண்டார் தபால். ஒரு சொட்டு ரத்தம். மனிதர் படிக்கட்டிலேயே சரிந்தார். கலைச்செல்வி தன் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டி, தண்ணீர் தெளித்து எழுப்பினாள். கண் விழித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: “இந்தப் பொண்ணுக்கு சீட்டு கெடைக்கலைன்னா நர்சிங்கையே இழுத்து மூடிடலாம்.”

இனி என் கதை.

அந்த வாரத் திங்கட்கிழமை, நற்சான்றிதழில் கையெழுத்துக்காகக் கலைச்செல்வி உறையை என்னிடம் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். “புதன்கிழமை தபால் வருவார், கொடுத்து அனுப்புறேன்” என்றேன். புதன்கிழமை தபால் பள்ளிக்கே வந்து, “எதுனா இருக்கா சார்?” என்றார். “ஒண்ணுமில்லப்பா” என்றேன். உறை என் மேசை இழுப்பறையில், விளையாட்டுப் போட்டித் தாள்களுக்கு அடியில் கிடந்தது. சுத்தமாக மறந்துபோயிருந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு அது கையில் தட்டுப்பட்டது. பேருந்து நிலையத்துக்கு ஓடிக் கொடுத்தேன். தபால் உறையை வாங்கினார். டிக்கெட் கிழித்தார், தேதி எழுதினார், குத்தினார். சென்னையில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போயும், ஐந்தேகாலுக்குத்தான் வாசலைத் தொட முடிந்தது. உறை திரும்பி வந்தது.

கலைச்செல்வியின் அப்பா என்னிடம் வந்து கேட்டார். “நான் புதன்கிழமையே தபால்கிட்ட கொடுத்துட்டேனே” என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது.

அவர் நேராகப் பேருந்து நிலையத்துக்குப் போனார். பயந்துபோய் நானும் பின்னாலேயே போனேன்.

“யோவ், எம் பொண்ணோட ஒரு வருஷத்த முழுங்கிட்டு விசிலடிச்சிகினு நிக்கிறியா? படிப்பும் வாணாம், ஒரு மண்ணும் வாணாம். வர்ற வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வர்றாங்க. எல்லாம் உன்னாலதான்யா!”

பேருந்திலிருந்த எல்லாத் தலைகளும் வெளியே நீண்டன. தபால் என்னைப் பார்த்தார். அவர் கை சட்டைப்பைக்குப் போனது. உறையைத் திருப்பித் தரும்போது அதிலிருந்து கழற்றிய டிக்கெட், வெள்ளிக்கிழமை ஒன்றேகால் என்று எழுதிய டிக்கெட், அதில்தான் இருந்தது. கை அப்படியே கீழே இறங்கியது.

“லேட்டாயிடுச்சுங்க. மன்னிச்சுக்குங்க” என்றார். அதில் பொய் ஏதும் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் தனியாகப் பிடித்துக் கேட்டேன். “ஏம்ப்பா அந்த டிக்கெட்ட காட்டல?”

“காட்டிட்டு? கண்டக்டர நம்பலைன்னா தபால்ல அனுப்புவாங்க. ஹெட்மாஸ்டர நம்பலைன்னா பொண்ணுங்கள பள்ளிக்கூடத்துக்கே அனுப்ப மாட்டாங்க சார்.” சொல்லிவிட்டு விசிலை ஊதினார். வண்டி போய்விட்டது.

வியாழக்கிழமை ஓமந்தூருக்குப் போனேன். கலைச்செல்வியின் அப்பா வாசலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயவைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கதவருகே கலைச்செல்வி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் காய்ந்ததைத் திருப்பிப் போட்டார். திருப்பியதையே மறுபடியும் திருப்பினார்.

“படிச்சவங்க சார் நீங்க” என்றார் கடைசியில்.

“நாளைக்கு வர்றவங்கள வேணாம்னு சொல்லிடறேன். அடுத்த வருஷம் எம் பொண்ணு எழுதிப் போடட்டும். ஆனா கவர நீங்க தொடக் கூடாது. தபால் கையில நானே குடுக்கறேன். நீங்க அது கூடவே போய், சேர்ந்துச்சான்னு பாத்துட்டு வாங்க.”

அப்படியே நடந்தது. அடுத்த வருடம், கடைசி நாளுக்கு நான்கு நாள் முன்பாக, அவர் தபாலிடம் உறையைக் கொடுத்தார். கூடவே ஒரு பை மல்லாட்டையையும் கொடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, “போன வருஷம் கொஞ்சம் வாய் நீண்டுபோச்சு” என்றார். தபால் உறைக்கு ஒரு டிக்கெட் கிழித்தார். எனக்கு ஒன்று. உறை ஜன்னலோரம் உட்கார்ந்தது. மற்ற இருக்கைகள் நிரம்பியிருந்தன. தலைமையாசிரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டு செங்கல்பட்டு வரை நின்றார்.

நடுவில் மன்னிப்புக் கேட்க மூன்று முறை வாய் திறந்தேன். மூன்று முறையும் தபால் சரியாக விசில் ஊதினார். ஒருமுறை அங்கே நிறுத்தமே இல்லை, ஓட்டுநர் திட்டினார்.

செங்கல்பட்டில் உறைக்குப் பக்கத்து இருக்கை காலியானது.

“உக்காருங்க சார். அது மேல மட்டும் சாஞ்சிடாதீங்க.”

உறை போய்ச் சேர்ந்தது. கலைச்செல்விக்கு இடம் கிடைத்தது. இன்று அவளே நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் நடத்துகிறாள். தபால் ஓய்வு பெற்று விழுப்புரத்தில் இருக்கிறார். விண்ணப்பமெல்லாம் இப்போது கம்ப்யூட்டரிலேயே போய்விடுகிறது என்று சொன்னபோது கேட்டார்: “அது கூட யாரு சார் போறாங்க?”

அவரைப் பார்க்க மாதம் ஒருமுறை விழுப்புரத்துக்குப் பேருந்தில் போகிறேன். வண்டி காலியாகவே இருந்தாலும், ஜன்னலோரத்தை விட்டுவிட்டுப் பக்கத்து இருக்கையில்தான் உட்காருகிறேன்.