நாலாவது கட்டத்துக்காரர்

"புதுப் படத்தைப் பதினோரு பேர் பார்த்திருக்காங்க," என்றாள் வென்லா. "அதுல மூணு பேர் நாமதான்."

கணினித் திரையில் நான்கு கட்டங்கள். ஒன்றில் கயானியிலிருந்து வென்லா. ஒன்றில் ரௌமாவிலிருந்து யூசோ; படம் பிடித்து வெட்டி ஒட்டுவது அவன் வேலை. ஒன்றில் வடக்கே இனாரியிலிருந்து மின்னா. ஏப்ரல் மாதத்திலும் அவள் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வசனம் எழுதுபவள் அவள். நாலாவது கட்டத்தில் ஹாப்பலா.

யாரும் பேசவில்லை. புதன்கிழமைக் கூட்டத்தில் அது வழக்கம்தான்.

விஷயம் இதுதான். தனியாகக் கிடப்பவர்கள் திரை வழியாக யாருடனாவது சேர்ந்து காபி குடிக்க 'காபித் துணை' என்று ஒரு சேவை. தன்னார்வலர்கள் காபியைப் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். குடிக்க ஆள்தான் வரவில்லை. 'நான் தனியாக இருக்கிறேன்' என்று ஒரு பொத்தானை அமுக்குவதற்குப் பதில் நம்மாட்கள் உறைந்த ஏரியில் குதித்துவிடுவார்கள். அதையாவது பனியில் ஓட்டை போட்டு வாராவாரம் செய்து பழக்கம்.

அவர்களை வரவைக்கும்படி விளம்பரப் படம் எடுத்துப் பரப்புவது போன செப்டம்பரிலிருந்து வென்லாவின் குழுவுக்கு வேலை. கோடை விடுமுறைக்குள் ஒரு ஆளாவது வராவிட்டால் சேவையையும் மூடி, குழுவையும் கலைத்துவிடுவோம் என்று ஹெல்சிங்கி தலைமை அலுவலகத்து கத்ரீனா சொல்லிவிட்டாள். பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இப்படிச் சொல்வது சுலபம். வென்லா பஸ் ஓட்டுநரின் மகள், அந்த வீட்டில் முதல் பட்டதாரி. அவளுக்கு இன்னொரு வேலை யார் வீட்டு விருந்திலும் கிடைக்காது.

அதனால்தான் ஹாப்பலா என்றால் பயம். "எங்க ஆள் ஒருத்தர் அப்பப்ப கூட்டத்துல வந்து உக்காருவார், கண்டுக்காதீங்க" என்று கத்ரீனா அக்டோபரில் சொன்னாள். அடுத்த புதன்கிழமையே இவர் வந்து உட்கார்ந்தார். சாம்பல் நிற ஸ்வெட்டர், ஒரு கோப்பை, ஏலக்காய் போட்ட புல்லா ரொட்டி, கட்டத்துக்கு அடியில் 'ஹாப்பலா' என்ற பெயர். "வணக்கம்" என்றார். அவ்வளவுதான். நீங்கள் யார் என்று எவரும் கேட்கவில்லை. ஒரு மனுஷனைப் பார்த்து அப்படியெல்லாம் கேட்பதா! கூட்டம் முடியும்போது கோப்பையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். அது பாராட்டா எச்சரிக்கையா என்று மூவரும் வாரம் முழுக்க ஆராய்வார்கள்.

அன்றும் அவர் போனதும் ஆராய்ந்தார்கள்.

"புருவத்தைத் தூக்கினார், பார்த்தியா?" என்றாள் மின்னா.

"ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணு."

"போச்சு," என்றான் யூசோ. "படம் அழுமூஞ்சியா இருக்குன்னு நினைக்கிறார். குஷியாப் பண்ணுவோம்."

காபிக் கூஜா வேஷம் போட்டுக்கொண்டு ரௌமா துறைமுகத்தில் அவனே ஆடினான். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். அத்தனை பேரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: இது எந்தக் கம்பெனிக் காபி, தள்ளுபடி உண்டா?

அடுத்த புதன்கிழமை ஹாப்பலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அழுக்கா இருந்திருக்கும்டீ," என்றாள் வென்லா.

"ரெண்டு தடவையா?"

சரி, உருக்கமாகப் போவோம் என்று முடிவானது. யூசோவின் மாமாவை ஒரு சமையலறையில் தனியாக உட்காரவைத்து, எதிரே காலி நாற்காலி, பின்னால் வயலின். ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள், அழுதார்கள். மறுநாள் யூசோ கூப்பிட்டான்.

"வென்லா, மாமா வீட்டு வாசல்ல பாதிரியார் நிக்கிறார். நகராட்சிக்காரம்மா ஒருத்தங்க சூப்போட நிக்கிறாங்க. மாமாவோட ரெண்டு பொண்டாட்டியும் உள்ள சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க."

"ரெண்டா?"

"ஒண்ணு பழசுடீ, விவாகரத்து ஆனது. இவரை இப்படித் தனியா விட்டது யாருன்னு ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கேக்குறாங்க. மாமா படகு எடுத்துக்கிட்டுக் கடலுக்கே போயிட்டார்."

காபித் துணைக்கு யாரும் வரவில்லை. அந்தப் படத்தைக் கூட்டத்தில் போட்டுக் காட்டியபோது ஹாப்பலா பாதியில் எழுந்து போய், திரும்பி வந்து மூக்கைச் சிந்தினார்.

"கோபம்," என்றாள் மின்னா.

கடைசி முயற்சி. ஆட்டமில்லை, வயலினில்லை. விஷயத்தை நேராகச் சொல்லும் ஒரு சின்னப் படம்.

"போட்டுரட்டுமா? யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?" என்றாள் வென்லா.

மௌனம். அப்படியென்றால் சம்மதம். யூசோ ஏற்றினான்.

ஏற்றியது வேறு படம் என்பதை இரண்டு நாள் கழித்துத்தான் வென்லா கவனித்தாள். போன வாரக் கூட்டத்தின் பதிவு. நாலு பேர் நாலு கட்டங்களில் வாயைத் திறக்காமல் காபி குடிக்கிறார்கள். முடிவில் ஹாப்பலா கோப்பையைத் தூக்குகிறார்.

"மின்னா! நீ பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேனே."

"சொல்ல வேண்டியதுதானே?"

"நீ யோசிச்சுத்தான் போடச் சொல்லியிருப்பேன்னு இருந்துட்டேன். உன் வேலையில நான் எப்படித் தலையிடுறது?"

"தலைமை அலுவலகத்து ஆளை ஊருக்கே காட்டிட்டோம்! யூசோ, எடுடா அதை!"

"எடுக்கிறேன்," என்றான் யூசோ. குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "அதுக்கு முன்னாடி நீ ஒருதடவை பாரு."

பார்த்தாள். நாட்டில் கால்வாசிப் பேர் பார்த்திருந்தார்கள். லாரி ஓட்டுநர் ஒருவர் ஸ்டீயரிங் பக்கத்தில் கோப்பையை வைத்துப் படம் போட்டிருந்தார்: 'இன்னிக்கு நாலு பேரோட குடிச்சேன்.' தீவில் தனியாகப் பறவை எண்ணுகிற பெண், ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கிற ஒருவர், பால் கறக்கும் கொட்டகையில் ஒரு தம்பதி. 'அந்த ஸ்வெட்டர்காரர் கோப்பையைத் தூக்கினப்ப நானும் தூக்கினேன்' என்று ஆயிரக்கணக்கானவர்கள் எழுதியிருந்தார்கள். கோப்பை, கோப்பை, கோப்பை. முடிவே இல்லாமல் வந்துகொண்டிருந்தது.

யாரும் எதையும் விற்கவில்லை. யாரும் யாரையும் அழவைக்கவில்லை. ஒரு நாடே சத்தம் போடாமல் ஒரு மேசையில் வந்து உட்கார்ந்திருந்தது. அவள் கடன் வாங்கிப் படித்த படிப்பில் ஒரு பேராசிரியருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. தேவாலயத்துக்குள் நடப்பது போல மௌஸை மெள்ள நகர்த்தினாள்.

அடுத்த கூட்டத்தில் ஐந்தாவதாக ஒரு கட்டம் திறந்தது. கத்ரீனா.

"பிரமாதம். நானே மூணு தடவை பார்த்தேன். சேவையில எத்தனை பேர் சேர்ந்தாங்க?"

"எல்லாரும் பார்த்துட்டு, அவங்கவங்க காபியைக் குடிச்சிட்டுப் போயிட்டாங்க," என்றாள் வென்லா.

"அப்ப ஊரெல்லாம் கை தட்டி என்ன பிரயோஜனம்? ஒரு ஆள், வென்லா. நீங்க போட்ட ஏதாவது ஒண்ணைப் பார்த்துட்டு, தனியா இருக்கேன்னு வந்த ஒரே ஒரு ஆளைக் காட்டு. நான் மூடலை."

வென்லாவுக்குச் சுருக்கென்றது.

"எட்டு மாசமா உங்க ஆளை உக்காரவெச்சு எங்களை வேவு பார்த்தீங்களே, அவர்கிட்டயே கேளுங்க, நாங்க உழைச்சோமா இல்லையான்னு!"

"எந்த ஆளு?"

"இதோ, ஹாப்பலா."

கத்ரீனா திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். "நான் யாரையும் அனுப்பலையே. அனுப்பணும்னு இருந்தேன், அப்புறம் மறந்தே போச்சு. இவர் உங்க ஆளுன்னுல்ல நினைச்சேன்."

யூசோ மின்னாவைப் பார்த்தான். மின்னா வென்லாவைப் பார்த்தாள். நாலாவது கட்டத்தில் ஹாப்பலா கோப்பையைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் உங்க மொத விளம்பரத்தைப் பார்த்துட்டு, அதுல இருந்த இணைப்பை அமுக்கினதும் இந்தக் கூட்டம்தான் திறந்தது, அப்படி வந்தவன்மா. நீங்க மூணு பேரும்கூட அப்படித் தனியா இருந்து வந்தவங்கன்னுதான் இத்தனை நாளா நினைச்சுக்கிட்டிருக்கேன்."